காவி பூசிய மூன்று தொட்டிகள்

குளிர்காலத் தோட்டத்துக்கு என்னென்ன புதர்ச்செடிகள் வைக்கலாம், ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்கள் என்று போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தீர்கள். மூன்று பேரும் ஊரில் தோட்டக்கலை படித்துவிட்டு நேராக, தோட்டம் அமைத்துக் கொடுக்கும் எங்கள் பழைய டாக்குரியா அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். ஓய்வு பெற்று லேக் கார்டன்ஸ் வீட்டில் ஜன்னலோரம் வெயில் காய்கிறவள் எழுதித் தரட்டுமே என்று நினைத்திருப்பீர்கள். நினைத்ததில் தவறில்லை, எனக்கும் வேறு வேலை கிடையாது.

பட்டியல் இதோ. டிசம்பர் பூ வையுங்கள். ஊரில் நீங்கள் தலையில் வைத்துக்கொண்ட அதே ஊதாப் பூதான், இங்கே வங்காளத்தில் ஜிண்டி என்பார்கள். வெள்ளை மந்தாரை வையுங்கள். குளிர் ஏற ஏற மஞ்சளாகப் பூக்கும் பாஸந்தி, இலையே பூவாகச் சிவக்கும் லால்பாதா, இரண்டும் தொந்தரவு தராதவை. கடைசியாகக் கமேலியா. முதல் நான்கைப் பற்றி எந்த நர்சரிக்காரரும் உங்களுக்குச் சொல்லிவிடுவார். கமேலியாவைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அதில் நான் செய்த தப்பைப் போல முப்பது வருட வேலையில் வேறு எதிலும் செய்ததில்லை.

இந்த ஊர்க் குளிர்காலம் உங்களுக்கு இன்னும் பழகியிருக்காது. முழுதாக இரண்டு மாதம் நின்றாலே அதிகம். பூஜைப் பந்தல்களைப் பிரித்த மூங்கிலெல்லாம் லாரி ஏறிப் போன பிறகு, ஒரு நாள் காலையில் ஏரிப் பக்கம் நடக்கப் போனால் தண்ணீரே தெரியாது. தண்ணீர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ படுத்துக்கொண்டிருக்கும். அதற்குள்ளிருந்து சைக்கிள் மணி கேட்கும், சைக்கிள் வராது. மங்கி கேப் போட்ட ஒருவர் திடீரென்று பக்கத்தில் முளைத்து, 'நல்ல குளிர், இல்லையா?' என்று கேட்டுவிட்டு மறுபடி மூட்டத்துக்குள் போய்விடுவார். சந்துகளில் பஞ்சு அடிப்பவரின் வில் டொய்ங் டொய்ங் என்று அதிரும். அந்த நாட்களில் நான் பாதித் தூக்கத்திலேயே வேலை பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நான் சொல்லப்போகும் தப்பை நன்றாக விழித்துக்கொண்டே செய்தேன்.

பவானிபூரில் ஒரு பழைய வீடு. நடுவில் சிமெண்டுத் தரை போட்ட முற்றம், சுற்றிலும் இரண்டு மாடி. காலை எட்டு மணிக்கு ஒரு பக்கச் சுவரில் இறங்கும் வெயில் பத்தரைக்கெல்லாம் ஏறிப் போய்விடும். அந்த வீட்டு அம்மாவைச் சந்து முழுவதும் மாசிமா என்று கூப்பிட்டது. அம்மாவின் தங்கை, நம் சித்தி மாதிரி. அவர் தமிழ்க்காரர்தான். அப்பா ரயில்வேயில் இருந்து மலை மேல் ஒரு சின்ன ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். மாசிமா வளர்ந்தது அங்கே, வாழ்க்கைப்பட்டது இங்கே. தமிழ்நாட்டில் சேர்ந்தாற்போல் ஒரு மாதம் இருந்ததில்லை. கணவர் போன பிறகு மகன் ரவியோடு இருந்தார்.

முற்றத்தில் குளிர்காலப் பூச்செடி வைக்க வேண்டும் என்று கூப்பிட்டபோது, உங்களுக்குச் சொன்ன அதே நான்கையும் நான் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"எல்லாம் வை. கமேலியாவும் வை."

"அது வேண்டாமுங்க மாசிமா. மலைச்செடி, தேயிலைக்குச் சொந்தம். நம்ம வெயிலுக்கும் குழாய்த் தண்ணிக்கும் நிக்காதுங்க."

"நிக்குமா நிக்காதான்னு நான் கேக்கல. வச்சுக் குடுப்பியான்னு கேட்டேன்."

"பூத்ததாவே நர்சரியில வாங்கிக்கலாமுங்களே?"

"பூத்தது எதுக்கு? பூக்கறதைத்தான் பார்க்கணும். எங்கப்பா குவார்ட்டர்ஸ் வாசல்ல வெள்ளையா ஒண்ணு இருந்துச்சு. ஸ்கூலுக்குப் போறப்ப மூடியிருக்கும், திரும்பி வர்றப்ப திறந்திருக்கும். நடுவுல என்ன நடந்துச்சுன்னு நான் பார்த்ததே இல்ல. இப்ப எனக்கு எந்த ஸ்கூலும் கிடையாது. நாற்காலி போட்டு உக்காந்து பார்ப்பேன்."

இங்கே உங்களுக்கு ஒரு வார்த்தை. செடியைத் தேர்ந்தெடுக்கப் போகும்போது மண்ணைப் பார்க்கிறோம், வெயிலைப் பார்க்கிறோம். அதை யார், எந்த நாற்காலியில் உட்கார்ந்து, எத்தனை மணிக்குப் பார்க்கப் போகிறார் என்று கேட்பதில்லை. மாசிமா நான் கேட்காமலேயே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

மலையிலிருந்து மூன்று செடிகள் வரவழைத்து, பெரிய மண்தொட்டிகளில் வைத்தோம். பார்த்துக்கொள்ள நிதாய்தாவை, அதாவது நிதாய் அண்ணனை, நான்தான் ஏற்பாடு செய்தேன். தெற்கு லைன் லோக்கல் ரயிலில் தினமும் வந்து போகிற தோட்டக்காரர். அந்தச் சந்தில் ஐந்து வீடுகள் அவர் கையில் இருந்தன, அவர் குடும்பம் அந்த ஐந்து வீட்டில்தான் ஓடியது. மழைக்காலம் முழுக்க மொட்டைமாடித் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்துக்கொண்டு, கமேலியாவுக்கு அதை மட்டும் ஊற்றினார். தொட்டி விளிம்பில் ஆளுக்கொரு சுண்ணாம்புப் பொட்டும் வைத்திருந்தார், தன் கைனிப் புகையிலை டப்பாவிலிருந்து விரலால் எடுத்து. ஏதோ திருஷ்டிக்கு என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை.

முதல் குளிர்காலம் செடிகள் சும்மா இருந்தன. அடுத்த மழை முடிகிற சமயத்தில் மூன்றிலும் மொட்டு கட்டியது. அந்த மாதம்தான் மாசிமாவின் கண்ணைப் பார்த்த டாக்டர் கையை விரித்தார். பார்வையின் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு வளர்ந்துகொண்டே வந்தது, ஓரங்களில் மட்டும் கொஞ்சம் மிச்சம். இந்தக் குளிர்காலம் பார்க்கலாம், அடுத்ததற்கு உத்தரவாதம் இல்லை என்றாராம். ரவி என்னிடம் சொன்னபோது அவன் குரல் கம்மிவிட்டது. மாசிமாவோ நாற்காலியை முற்றத்தில் போடச் சொல்லிவிட்டு மொட்டுகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கல்லு மாதிரி இருக்கு. தை பிறந்ததும் இளகும், பாரு" என்றார்.

டிசம்பர் கடைசியில் எங்கள் அலுவலகம் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் தோட்ட வேலைக்கு முயன்றுகொண்டிருந்தது. மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "உங்க பவானிபூர் முற்றத்தைப் படம் எடுத்து அனுப்புவோம். தொட்டியெல்லாம் பளிச்சுன்னு இருக்கட்டும்" என்றார். இந்த ஊர் வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பூக்கண்காட்சிக்குப் போகிற தொட்டி என்றால் தேய்த்துக் கழுவிக் காவி பூசாமல் போகாது. நானும் இரண்டு ஆட்களை அனுப்பிக் காவி பூசச் சொன்னேன். நிதாய்தா நெல் அறுப்புக்காக நான்கு நாள் ஊருக்குப் போயிருந்தார். அவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

முற்றத்துத் தரை சிவந்துவிடும் என்று ஆட்கள் தொட்டிகளை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தேய்த்தார்கள், பூசினார்கள், பகல் முழுக்க வெயிலில் காயவைத்தார்கள். சாயங்காலம் இறக்கி, படத்துக்கு எந்தப் பக்கம் அழகோ அந்தப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னதும் நான்தான். மறுநாள் காலை முற்றத்துக்குள்ளேயே மூட்டம் இறங்கியிருந்தது. வெள்ளைக்கு நடுவே மூன்று சிவந்த தொட்டிகள், கரும்பச்சை இலைகள், விம்மிய மொட்டுகள். அவ்வளவு அழகான படங்களை நான் அதற்குமுன் எடுத்ததில்லை. மாசிமா மாடியிலிருந்து, "எனக்குச் சிவப்பு தெரியுதுடி!" என்று கத்தினார்.

நிதாய்தா திரும்பி வந்த அன்று நான் அங்கே இருந்தேன். அவரோடு பேசினதெல்லாம் வங்காளத்தில். உங்களுக்காக நம் பேச்சில் எழுதுகிறேன், 'தீதி' என்று அக்காவைக் கூப்பிடுவதை மட்டும் அப்படியே விட்டு. தொட்டி விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"பொட்டு எங்க தீதி?"

"காவி பூசினோமே. என்ன பொட்டு அது?"

"மாடிப்படியைப் பார்த்து நிக்கற பக்கத்துக்கு அடையாளம். மொட்டு கட்டின பெறகு திருப்பக் கூடாது. வெளிச்சம் எங்க இருந்து வருதுன்னு அதுக்குப் பழகிப்போச்சு. திருப்பினா தேடும், தேடித் தேடி விழுந்துடும். வெயில்லயும் வச்சாங்களா?"

வைத்தார்கள் என்றேன். இலைகள் சாய்ந்திருந்த விதத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு தொட்டியையும் பழைய பக்கத்துக்குத் திருப்பி வைத்தார்.

ஒரு வாரத்தில் மொட்டுகள் அடியில் பழுப்பேறி விழ ஆரம்பித்தன. கண் போகப் போக மாசிமாவுக்குக் காது கூர்மையாகியிருந்தது. "காலையில காப்பி குடிக்கறப்ப ஒண்ணு விழுந்துச்சு. இப்ப நீ செருப்பைக் கழட்டறப்ப இன்னொண்ணு" என்பார். சத்தம் கேட்ட இடத்தில் குனிந்து தடவி எடுத்து மடியில் போட்டுக்கொள்வார். பத்து நாளில் மூன்று செடிகளும் வெறும் இலையாக நின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரவி என்னை வரச் சொன்னான். நிதாய்தா பீப்பாய்க்குப் பக்கத்தில் கையில் குவளையோடு நின்றிருந்தார்.

"ஆன்ட்டி, சிம்பிள் விஷயம். இவர் நாலு நாள் லீவு போட்டாரு, தண்ணி ஊத்தல, எல்லாம் போச்சு. அம்மாவுக்கு இது எவ்ளோ முக்கியம்னு இவருக்குத் தெரியும். மாசம் முடிஞ்சதும் வேற ஆள் பார்த்துக்கறோம். பக்கத்து வீட்டுலயும் சொல்லிட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. அலுவலகத்தில் அந்தப் பெரிய வேலைக்கு என்னைத்தான் பொறுப்பாகப் போடப்போவதாகப் பேச்சு இருந்தது. காவி பூசச் சொன்னது நான் என்று வாடிக்கையாளர் வாயிலிருந்து மேலாளர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று என் மனம் ஓடிக்கொண்டிருந்தது. நிதாய்தா என்னைப் பார்க்கவும் இல்லை. குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார். சந்து முனையில் ஓடிப் போய்ப் பிடித்தேன்.

"நிதாய்தா, நீங்க ஏன் சொல்லல?"

"நான் சொன்னா, தப்பிக்கறதுக்குச் சொல்றேன்னுவாங்க. அதைச் சொல்ல வேண்டியது நானா, தீதி?"

நான் வந்த வழியே திரும்பி நடந்தேன். அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் விடிந்ததும் நான் செய்ததைக் கேளுங்கள். நேராக நர்சரிக்குப் போனேன். குளிர்காலத்தில் மலையிலிருந்து மொட்டோடு இறங்கும் கமேலியாக்களில், எங்கள் செடியின் உயரம், அதே வெள்ளை, அதே இலை, நுனி இளகி இன்றோ நாளையோ திறக்கப்போகும் ஒற்றை மொட்டு என்று தேடிப் பிடித்தேன். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போகும்போது மொட்டு என் கன்னத்தில் சில்லென்று உரசியது. வெளியே தெருவே இல்லை, மூட்டம்தான். கனவில் போவதுபோல எல்லாம் லேசாக இருந்தது. பழைய தொட்டிக்குள் இதை மாற்றி வைத்துவிடலாம். ஒரு மொட்டு இலைக்குப் பின்னால் தப்பித்திருக்கிறது என்று சொல்லலாம். மாசிமா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார், ரவி சமாதானமாவான், நிதாய்தா வேலையில் இருப்பார், என் பேரும் கெடாது. யாருக்கு என்ன நஷ்டம்? தேடிப் பார்த்தும் எனக்கு ஒரு நஷ்டமும் தட்டுப்படவில்லை.

மாசிமா எழுந்திருக்க மாட்டார் என்று நினைத்துத்தான் அவ்வளவு சீக்கிரம் போனேன். அவரோ சால்வையைப் போர்த்திக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கிண்ணம் நிறைய உதிர்ந்த மொட்டுகள். ஒன்றை எடுத்து நகத்தால் இதழ் இதழாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"யாரு?"

"நான்தானுங்க மாசிமா."

"கையில என்ன?"

என்னைப் பார்ப்பதற்காக அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பினார். நடுவில் ஒன்றும் தெரியாதல்லவா, மிச்சமிருந்த ஓரப் பார்வைக்குள் என்னைக் கொண்டுவரப் பார்த்தார். அவ்வளவுதான், என்னால் அதற்கு மேல் முடியவில்லை. அந்த ஓரத்தில்தான் நான் பொய்ச் செடியைக் கொண்டுபோய் வைக்கப் பார்த்தேன். தொட்டியைத் தரையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். காவி, மொட்டைமாடி, வெயில், திருப்பினது, நிதாய்தா வந்து சொன்னது, இந்தச் செடி எங்கே வாங்கினது, எதற்கு வாங்கினது, ஒன்று விடாமல். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

மாசிமா பிரித்த இதழ்களைக் கிண்ணத்தில் போட்டார்.

"நேத்து ரவி அவனைத் திட்டறப்ப நீ எங்க இருந்த?"

"இங்கதானுங்க."

"இங்கேயே?"

"ஆமாங்க."

"பூ போனா போகட்டும். எனக்கு விதிச்சது அவ்ளோதான்னு இருந்துக்கிறேன். அந்த மனுஷனை நிக்க வச்சுட்டுப் பக்கத்துலயே நின்னு வேடிக்கை பார்த்தியே, அதை நான் என்ன பண்றது?" கிண்ணத்தை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். "அதைத் தூக்கிட்டுப் போ. எனக்கு வேண்டாம். போறப்ப ரவியை எழுப்பிட்டுப் போ."

எழுப்பிவிட்டுப் போனேன். அன்றைக்கே ரவி நிதாய்தாவின் ஊருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டான், பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் போய்ச் சொன்னான் என்று பிறகு தெரிந்தது. ஐந்து வீடும் அவர் கையிலேயே இருந்தன. அலுவலகத்தில் நானே போய், படத்தில் உள்ள மொட்டெல்லாம் விழுந்துவிட்டது, என்னால்தான் என்று சொன்னேன். மேலாளர் படத்தை ஒரு தடவை பார்த்தார். "படத்துல விழலையே" என்றார். அந்தப் பெரிய வேலை கிடைத்தது, பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்தார்கள். நான் திரும்ப எடுத்துக்கொண்டு வந்த செடி என் மேசையில் மூன்றாம் நாள் பூத்தது. எல்லோரும் வந்து பார்த்தார்கள். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒரு வருடம் மாசிமா என்னைக் கூப்பிடவில்லை. பவானிபூர்ப் பக்கம் வேலை வந்தால் நான் அந்தச் சந்தைச் சுற்றிக்கொண்டு போவேன். பார்வை முழுதாகப் போய்விட்டது, வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிகிறது என்று கேள்விப்பட்டேன். கண் இருந்தபோதே அந்தப் பூ திறப்பதை அவர் பார்க்க முடியாமல் போனது என்னால்தான். இதை எப்படித் திருப்பிச் சொன்னாலும் வேறு மாதிரி ஆகாது.

அடுத்த தை மாதம் ஒரு நாள் காலை நிதாய்தாவின் போன்.

"தீதி, ஒண்ணு வாய் திறக்குது. மாசிமா உங்களை உடனே வரச் சொல்றாங்க."

ஆட்டோ பிடித்துப் போனேன். முற்றத்தில் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தன. ரவி கையில் போனை வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். நிதாய்தா சுவரோரம் குந்தியிருந்தார். மாசிமா தொட்டிக்கு எதிரே, முகத்தை நேராக வைத்துக்கொண்டு இருந்தார். அவருக்கு இனி எந்தப் பக்கமும் திரும்ப வேண்டியிருக்கவில்லை.

"வந்துட்டியா? உக்காரு. பூக்கறதைச் சொல்லு."

"நானுங்களா? ரவி இருக்கானே, நிதாய்தா இருக்காரே..."

"ரவி 'சூப்பரா இருக்கும்மா'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவான். நிதாய் எனக்கு மனசு நோகும்னு நல்லதை மட்டும் சொல்லுவான். நீ இதே இடத்துக்குப் பொய்யைக் கையில எடுத்துட்டு வந்து, சொல்ல முடியாம நின்னவ. நீ சொல்லு. இருக்கறதை மட்டும் சொல்லு."

நான் உட்கார்ந்தேன். சுவரில் வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. மொட்டின் பச்சைத் தோல் பின்னுக்குச் சுருண்டிருக்கிறது என்றேன். வெளி இதழ் ஒன்று மற்றதிலிருந்து விலகுகிறது, இன்னும் விரல் நுழையாத இடைவெளிதான் என்றேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சொன்னேன். பக்கத்துச் சந்தில் பஞ்சு அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு இரண்டாவது இதழ். உள்ளே வெள்ளை இல்லை, மோர் நிறம் என்றேன். அவர் உதடு அசைய அசைய அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டார்.

மூன்றாவது இதழ் விரிந்தது. அதன் ஓரம் கருகியிருந்தது. இத்தனை நாள் காத்திருந்தவரிடம் இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று ஒரு நிமிஷம் சும்மா இருந்தேன்.

"என்ன, நிறுத்திட்ட?"

"மூணாவது இதழ் ஓரத்துல கருகியிருக்குதுங்க மாசிமா."

"எவ்ளோ?"

"ஒரு நகக்கண் அளவு."

மாசிமா கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சரி. நாலாவது?"